மூன்றரை அடி அகலம்

எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு தெருவின் முனையில் அந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு வெல்டிங் மிஷின், சுவரில் சாய்த்து வைத்த ஆங்கிள்கள், மூலையில் துருப்பிடித்த மீன்பாடி வண்டிச் சட்டங்கள். எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் இடப்பக்கம் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தெரியும். நேரெதிரே பட்டறையின் தரை தெரியும். தெரு குறுகலானது என்பதால் அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

தரையில் இரண்டு சக்கரங்கள் படுத்திருந்தன. அவற்றுக்கு நடுவே இன்னும் வெட்டப்படாத இரும்பு அச்சு ஒன்று, ஐந்தடிக்கு மேல் நீளம். மேஸ்திரி அதன் அருகே குத்துக்காலிட்டிருந்தார். நரைத்த மீசை, தீப்பொறி பட்டுப் பட்டுப் பொத்தல் விழுந்த காக்கிச் சட்டை. எதிரில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணும், இருபது வயதிருக்கும் மகனும். வண்டி அவர்களுக்கு. அச்சை எந்த இடத்தில் வெட்டுவது என்பதுதான் பேச்சு.

மீன்பாடி வண்டியை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பாரம் முன்னே, மிதிப்பவர் பின்னே. சைக்கிளில் கைப்பிடியைத் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்பும். இதில் சக்கரம், அச்சு, பலகை, பலகையில் அடுக்கிய பாரம் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். முன்பக்க அகலம் எவ்வளவு என்பதைப் பொறுத்து வண்டியின் குணமே மாறிவிடும். கொஞ்சம் கூட்டினால் ஒரு தொல்லை, குறைத்தால் வேறொரு தொல்லை. கடையில் வாங்கும் வண்டியில் இந்த முடிவை யாரோ முன்பே எடுத்திருப்பார்கள். இங்கே வண்டி வாங்குகிறவரே எடுக்க வேண்டும்.

"நாலடி வை மேஸ்திரி" என்றான் மகன். "வீலுக்கு வீல் நாலடி. கவுவாது."

"நாலடி வெச்சா நம்ம சந்துக்குள்ள பூராதுடா" என்றாள் தாய். பையைத் திறந்து ஒரு பச்சை நைலான் கயிற்றை எடுத்தாள். வலை கட்டும் கயிறு. அதில் இரண்டு முடிச்சுகள். "தோ பாருண்ணே. இந்த முடிச்சு, கரண்ட் கம்பத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல. இது உள்ள திரும்புற எடத்துல."

மேஸ்திரி கயிற்றைத் தரையில் இழுத்துப் பிடித்து டேப்பை வைத்தார். முதல் முடிச்சு 51 இஞ்ச். அவர் தலையசைத்த விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. அளந்து கொண்டு வருகிறவர்கள் குறைவு போலிருக்கிறது.

"தம்பி, நாலடின்னா சக்கரத்து நடுலேர்ந்து நடு. டயரு வெளிய இருக்குது, அச்சு நெட்டு வெளிய இருக்குது. அதுக்கே பக்கத்துக்கு மூணு இஞ்சு. நாலடி சொன்னா 54 ஆகும். அம்மா அளந்தது 51."

அகலம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கணக்குகள் இருப்பதை அவர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார். சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள தூரம் வண்டி கவிழாமல் நிற்பதற்கு. வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு உள்ள தூரம் வண்டி நுழைவதற்கு. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும்.

மகன் விடவில்லை. "வண்டி ரோட்டு முனைலியே நிக்கட்டும். நைட்ல சங்கிலி போட்டுக்கலாம்."

"காத்தால பாத்தா சங்கிலி மட்டுந்தான் இருக்கும்" என்றாள் தாய். "பெட்டி களுவணும், ஐஸு எறக்கணும். எல்லாத்தையும் முனைலேர்ந்து நான் தூக்கியாரணுமா?"

அவர்கள் பேச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதை துலங்கியது. முன்பு அவளுக்கு வண்டியே தேவைப்படவில்லை. கணவர் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பிடித்து வரும் இறாலையும் மடவையையும் அலுமினியக் கூடையில் வைத்து அக்கம்பக்கத்திலேயே விற்றுவிடுவாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துவந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. படகும் வலையும் கருத்துப் போயின. ஆற்று மீன் என்றாலே வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்துவந்து விற்கிற பிழைப்பு. கூடைத் தொழில் வண்டித் தொழிலாக மாறியது விருப்பத்தால் அல்ல.

கணவர் முதலில் ஒரு பழைய வண்டியை வாங்கி ஓட்டியிருக்கிறார். அது கவிழ்ந்தது. அவருக்கு இடது தோள் இன்னும் சரியாகவில்லை. மகனின் நாலடிப் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான்.

மேஸ்திரி சாக்பீஸைக் கீழே வைத்தார். "எங்க கவுந்துச்சு?"

"மெயின் ரோட்லதான். டிரெய்லர் ஒண்ணு நெருக்கிச்சு. ஓரம் கட்டினாரு."

"பாரத்தோடவா, காலியா?"

"பாரத்தோட. ரெண்டடுக்கு."

"எந்தச் சக்கரம் எறங்குச்சு?"

"எடது. தாரு முடியற எடத்துல எறங்கிச்சு."

மேஸ்திரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பா வண்டி எத்தினி அகலம்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா அது நாலடியா இருந்திருந்தா, இன்னும் முன்னாடியே எறங்கியிருக்கும்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். அன்று நான் கேட்டவற்றில் மிகச் சரியான சொல் அதுதான். அகலம் கூடினால் வண்டி உறுதியாக நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் சமமான தரையில். ஒரு பக்கம் லாரியின் டயர், மறுபக்கம் தார் முடிந்து அரை அடி பள்ளமாக மணல். நடுவே கிடைக்கிற கொஞ்ச இடத்தில் ஓடும் வண்டிக்கு அகலமே ஆபத்தாகவும் முடியும். கவிழாமல் காக்க வேண்டிய அகலம்தான் சக்கரத்தை விளிம்புக்கு வெளியே தள்ளும்.

லாரியின் அகலமும் இப்படி ஒரு பாதையிலிருந்து வந்ததுதான். இந்தச் சாலையில் நிற்கும் ஒவ்வொரு கன்டெய்னரும் 8 அடி அகலம். 1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் முதன்முதலாகப் பெட்டிகளை ஏற்றி அனுப்பியபோது, அந்தப் பெட்டிகள் 8 அடியாக இருந்ததற்குக் காரணம் அன்றைய அமெரிக்க நெடுஞ்சாலைச் சட்டம். 96 இஞ்சுக்கு மேல் அகலமான லாரிக்கு அங்கே அனுமதி இல்லை. பின்னர் அதுவே உலகத்துக்கெல்லாம் அளவானது. சிங்கப்பூரில் ஏற்றிய பெட்டி எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ காட்டுப்பள்ளியிலோ இறங்கினாலும் அதே 8 அடி. அமெரிக்கச் சாலை ஒன்றுக்காக யாரோ அளந்த அகலத்துக்கு எண்ணூர் ஒதுங்கி வழிவிடுகிறது. தாழங்குப்பத்தில் தன் வீட்டுச் சந்தின் அகலத்தை அளந்தவள் இந்தப் பெண் மட்டும்தான்.

பனிமலை ஏறும் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்களுக்கும் முன்பக்க அகலம் பற்றிய இதே கேள்வி உண்டு. முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள், பின்னால் ஒரே பட்டி. நம் மீன்பாடி வண்டியின் அமைப்புதான், சக்கரம் மட்டும் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற ஊரில் பொம்பார்டியர் நிறுவனம் 1959இல் ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலை வெளியிட்டதிலிருந்து அந்த வண்டி பல வகையாகப் பிரிந்திருக்கிறது. இறுகிய பனித்தடத்தில் வேகமாகப் போகும் வண்டிக்கு முன்பக்க அகலம் ஏறக்குறைய 42 இஞ்ச் வைக்கிறார்கள். மலைச்சரிவில் ஆழமான பொடிப்பனியில் போகும் வண்டிக்கு 36 இஞ்ச் அளவில் குறைத்துவிடுகிறார்கள். காரணம், சரிவில் குறுக்கே போகும்போது ஓட்டுகிறவர் நின்றபடி உடம்பின் எடையைப் போட்டு வண்டியை மலைப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். அகலமான வண்டி சாய மறுத்து, சரிவின் போக்கிலேயே கீழே இழுக்கும். குறுகலான வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் அதே குறுகல் வண்டியை இறுகிய தடத்தில் வேகமாக வளைத்தால் உள்பக்கக் கட்டை தூக்கிக்கொள்ளும். சியாச்சினில் நம் ராணுவம் ஓட்டும் பனி ஸ்கூட்டர்களும் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வண்டிகளும் இந்தக் கணக்குக்கு உட்பட்டவைதான். எது நல்ல அகலம் என்று பொதுவாகக் கேட்டால் அங்கேயும் பதில் கிடையாது. எங்கே ஓட்டப் போகிறாய் என்று கேட்பார்கள்.

ஒரு வேறுபாடு முக்கியம். ஸ்னோமொபைல்காரர் தன் உடம்பையே எடைக்கல்லாகப் பயன்படுத்தலாம். மீன்பாடி வண்டியில் பாரத்துக்கு முன் ஆளின் எடை பொருட்டே இல்லை. சாய்ந்து சமாளிக்க முடியாது. அகலத்தைக் கூட்டவும் வழியில்லை என்றால் என்ன செய்வது?

மேஸ்திரி சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு முக்கோணம் வரைந்தார். இரண்டு முனை முன்சக்கரங்கள், ஒரு முனை பின்சக்கரம். நடுவில் ஒரு நெட்டை வைத்தார். "பாரம் இதுக்குள்ள நிக்கிற வரைக்கும் வண்டி நிக்கும்." நெட்டை மெதுவாகப் பின்னால் நகர்த்தினார். முக்கோணம் ஒடுங்கிக்கொண்டே போயிற்று. "பின்னால போகப் போக எடம் இல்ல பாத்தியா. பாரத்த அச்சு மேலயே வை. ஓட்டறவன் பக்கமா இழுத்து வெச்சா, அஞ்சடி அகலம் வெச்சாலும் கவுவும்."

பிறகு எழுந்துபோய் மூலையில் கிடந்த பழைய சட்டத்தைக் காட்டினார். அதில் ஸ்பிரிங் பட்டை அச்சுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பட்டைக்கு மேல் சட்டம், சட்டத்துக்கு மேல் பலகை. "நான் உனக்குப் பட்டைய அச்சுக்குக் கீழ கட்டித் தரேன். அச்சு மேல, பட்டை கீழ. பலகை நாலு இஞ்சு எறங்கும். அகலம் மூணரை."

மகன் புருவத்தைச் சுருக்கினான். எனக்கும் உடனே பிடிபடவில்லை. டீக்கடைப் பெஞ்சில் செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி பக்கவாட்டில் கவிழ்வது அகலத்தை மட்டும் பொறுத்ததில்லை. பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம், அதற்கு எதிராக அகலத்தில் பாதி எவ்வளவு, இந்த இரண்டின் விகிதம்தான் தீர்மானிக்கும். பலகை 30 இஞ்ச் உயரத்தில் இருந்து, அதன் மேல் ஓரடி உயரப் பெட்டி இரண்டு அடுக்கினால் நடுப்புள்ளி 42 இஞ்சில் இருக்கும். நாலடி வண்டியின் பாதி 24. 24ஐ 42ஆல் வகுத்தால் 0.57. மூன்றரை அடியின் பாதி 21. பலகையை 4 இஞ்ச் இறக்கினால் நடுப்புள்ளி 38. 21ஐ 38ஆல் வகுத்தால் 0.55. அகலத்தில் 6 இஞ்சை விட்டுக்கொடுத்து, உயரத்தில் 4 இஞ்சைக் குறைத்து, ஏறக்குறைய அதே உறுதியை அந்த மனிதர் மீட்டுவிட்டார். அவர் வகுக்கவில்லை. கை அறிந்திருந்தது.

இந்த வட்டாரம் வண்டி செய்கிற வட்டாரம். அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் பிறந்து திருவொற்றியூரில் புல்லட் செய்தது. அந்த ஆலைகளில் ஓர் அச்சின் நீளத்தை முடிவு செய்ய வரைபடமும் சோதனைத் தடமும் பொறியாளர்களும் உண்டு. அவர்கள் போடுகிற கணக்கும் இந்தத் தரையில் சாக்பீஸால் போட்ட கணக்கும் ஒன்றேதான். இதைப் பொறியியல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அடுத்தது பெட்டிக் கணக்கு. தாய் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் மீன் பெட்டி 24 இஞ்ச் நீளம், 16 இஞ்ச் அகலம். நாலடி வண்டியில் டயருக்கு இடம் விட்டால் பலகை 42 இஞ்ச் வரும். ஒரு வரிசையைக் குறுக்காகவும் ஒரு வரிசையை நீளவாக்கிலும் வைத்தால், நாலடி நீளத்தில் ஓர் அடுக்குக்கு ஐந்து பெட்டி. மூன்றரை அடி வண்டியில் பலகை 36 இஞ்ச்தான். எப்படித் திருப்பினாலும் நான்கு பெட்டிக்கு மேல் உட்காரவில்லை. மகன் பெட்டியைத் தரையில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். இரண்டடுக்கில் இரண்டு பெட்டி நட்டம். ஏலத்தில் கானாங்கெளுத்தி மலிவாகக் கிடைக்கிற நாளில் இரண்டு பெட்டி என்பது சின்ன விஷயமில்லை.

தாய் அந்த நட்டத்தை முன்பே ஏற்றுக்கொண்டவள் போல இருந்தாள். "மிச்சம் நாலு இஞ்சு இருக்குதில்ல, அதுல தராசும் அருவாமனையும் வெச்சிக்கிறேன்" என்றாள். சற்று நேரம் கழித்து, வேறெங்கோ பார்த்தபடி: "நீ வேலைக்குப் போற அன்னிக்கு நான்தான் இத்தத் தள்ளணும்."

மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் நின்ற வேறொரு பழைய வண்டியின் கைப்பிடியில் பையனின் இரண்டு கைகளையும் வைக்கச் சொன்னார். பிறகு ஒரு சக்கரத்தின் முன்புறத்தைக் காலால் உதைத்தார். கைப்பிடி துள்ளிப் பையனின் விலாவில் இடித்தது. "இது மூணேகால் அடி. பள்ளத்துல ஒரு சக்கரம் வுளுந்தா இப்படித்தான் கைய முறிக்கும். சக்கரம் நடுலேர்ந்து தூரமா போகப் போக அடி ஜாஸ்தியாவும். நாலடி வண்டிய உங்கம்மா புடிக்க முடியாது." முன்பக்கம் முழுவதும் நடுவிலுள்ள ஒரே முளையில் திரும்புகிற வண்டி இது. சக்கரம் முளையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, பள்ளத்தின் இழுப்பு அவ்வளவு பலமாகக் கையில் ஏறும். ஓட்டுகிறவரின் தோளும் அகலத்தைத் தீர்மானிக்கிற ஒன்று என்பது என் மனத்தில் அதுவரை வரவே இல்லை.

மகன் கடைசியாக ஒன்றைக் கேட்டான்: இன்ஜின் பூட்டித் தருவீர்களா. மேஸ்திரி மறுத்துவிட்டார். பதிவு இல்லாமல் மோட்டார் வண்டி சாலையில் ஓட 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டி ஓடும் வண்டிகள் வடசென்னையில் நிறைய உண்டு என்பதும் அவை அவ்வப்போது பறிமுதலாவதும் எல்லோரும் அறிந்தது. மேஸ்திரிக்கு அதைவிட வேறு காரணம் இருந்தது. "மிதிக்கிற வேகத்துக்குத்தான் நான் அகலம் சொன்னேன். இன்ஜின் வேகத்துக்கு நான் சொல்லல."

அதற்கு மேல் பேச்சு நீளவில்லை. அச்சில் நடுவைக் குறித்தார். இருபுறமும் 21 இஞ்ச் தள்ளிச் சக்கரத்துக்குக் கோடு. அதற்கு வெளியே நெட்டுக்கு மூன்று இஞ்ச் விட்டு இன்னொரு கோடு. கட்டிங் மிஷினை எடுக்கும் முன் தாய் தன் கயிற்றை விரித்து, வெளிக்கோட்டிலிருந்து வெளிக்கோட்டுக்குப் பிடித்தாள். 48. முடிச்சுக்கு மூன்று இஞ்ச் பாக்கி. பக்கத்துக்கு ஒன்றரை. இரண்டாவது முடிச்சையும் பிடித்து, பலகையின் மூலை திரும்பும் இடத்தையும் கணக்கிட்டுக்கொண்டாள். மேஸ்திரி அவளுக்காகக் காத்திருந்தார். மகன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அந்த முடிவில் அவனும் சேர்ந்துவிட்டான் என்பது அதில் தெரிந்தது. மிஷின் சத்தம் எழுந்ததும் லாரிகளின் ஹாரன் கூடக் கேட்கவில்லை.

இந்த மூன்று பேரும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார்கள். சந்தின் அகலத்தை அளந்தார்கள், தோளை அளந்தார்கள், பெட்டியை அளந்து இரண்டு பெட்டி வருமானத்தை விட்டுக்கொடுத்தார்கள். இனி அந்த வண்டி கவிழ்ந்தால் குற்றம் அதன் அகலத்தில் இருக்காது. தார் முடிகிற விளிம்பில் இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையை அகலப்படுத்துகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கன்டெய்னருக்கு 8 அடியைக் கணக்கில் எடுத்துத்தான் தடம் போடுகிறீர்கள். அந்தத் தடத்துக்கு அப்பால், இருபுறமும் ஐந்தடியைத் தாரோடு சமமாக, பள்ளமில்லாமல் போட்டு, அங்கே லாரி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடியுமுன் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு அந்த ஓரத்தில்தான் இவர்கள் வருவார்கள்.